எண் போடும் மிஷினும் கடைசி ராக்கெட்டும்

1. காலியாக விட்ட கட்டம்

2023 ஜூலை 8, சனிக்கிழமை. பல் துலக்கிக்கொண்டே கைபேசியைப் பார்த்தவன், வாயில் நுரையோடு கத்திவிட்டேன். அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தில் சரின் நச்சு நிரப்பிய கடைசி ராக்கெட்டையும் முந்தைய நாள் அழித்துவிட்டார்கள்!

விழுப்புரத்தில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் நான் புரூஃப் ரீடர். திண்டிவனத்தில் போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் நடத்தும் தனசேகர் சாருக்காக ஆண்டுதோறும் பொது அறிவு நூல் ஒன்றைத் தொகுத்து அச்சிட்டுத் தருவோம். அதில் இரசாயன ஆயுத ஒழிப்புக்கு ஒரு பக்கம் உண்டு. ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது 1997 ஏப்ரல் 29. பத்தாண்டுக் கெடு. 2007 வந்தது, முடியவில்லை. 2012 வரை நீட்டித்தார்கள், அதுவும் போயிற்று. இந்தியா 2009இல் முடித்தது, ரஷ்யா 2017இல். பாக்கி அமெரிக்கா மட்டும்.

கெடு மாறும்போதெல்லாம் புது அச்சுத் தகடு போட முதலாளி தயாரில்லை. அதனால் அமெரிக்காவுக்கு நேரே "முடியும் ஆண்டு" கட்டத்தைக் காலியாகவே அச்சிடுவோம். பில் புத்தகத்துக்கு எண் குத்தும் கை மிஷினால் பைண்டிங் பிரிவு அஞ்சலை அக்கா அதில் ஆண்டைக் குத்திவிடுவார். இந்த முறை குத்தச் சொன்னது 2023. எத்தனையோ பதிப்புகளுக்குப் பிறகு எங்கள் கட்டம் முதன்முறையாகப் பலித்திருக்கிறது! சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு அச்சகத்துக்கு ஓடினேன்.

2. லீவர்

"இன்னா சார், நாய் தொரத்துச்சா?" என்றார் அஞ்சலை அக்கா. கெடாரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, புத்தகங்களைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

மேலிருந்த பிரதியைப் பிரித்தேன். அமெரிக்கா: 2522. அடுத்தது 2521. அதற்கடுத்தது 2520.

மிஷினின் பக்கத்தில் சின்ன லீவர் ஒன்று உண்டு. சைபரில் வைத்தால் ஒரே எண் விழும். ஒன்றில் வைத்தால் குத்துக்கு ஓர் எண் ஏறும். எங்கள் நூலுக்கு முந்தைய வேலை, நிலக்கடலை விற்கும் மல்லாட்டை மண்டிக்கு பில் புத்தகம். லீவர் ஒன்றிலேயே நின்றுவிட்டது. ஐந்நூறு பிரதிக்கும் ஐந்நூறு கெடு.

"அக்கா, இன்னா பண்ணி வச்சிருக்கீங்க?"

"ஒலகமே தள்ளிப் போட்டுக்கினு இருந்துச்சு. எம்மிஷினு தள்ளிப் போட்டா மட்டும் தப்பா?" என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டார். போன ஆண்டு சில பிரதிகளில் பதினாறு பக்கப் பாரம் ஒன்று தலைகீழாய்ப் போய்விட்டது. இன்னொரு பிழை வந்தால் வேலை சிவகாசிக்குத்தான் என்று தனசேகர் சார் சொல்லியிருந்தார். அந்த வேலைதான் எங்கள் பைண்டிங் பிரிவுக்கு ஆண்டில் பாதிச் சோறு. பிற்பகலில் புது பேட்ச் தொடக்கம், அதற்குள் புத்தகம் போய்ச் சேர வேண்டும்.

ஸ்டிக்கர் தாளில் சீட்டு அடித்தோம். "முடிந்தது, 2023 ஜூலை 7." கட்டத்தை மறைக்கும் அளவு. ஒட்ட நேரமில்லை. போகும் வழியிலேயே ஒட்டிக்கொள்ளலாம் என்று அக்காவும் நானும் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு திண்டிவனம் போகும் பாசஞ்சர் ரயிலில் ஏறினோம்.

3. முண்டியம்பாக்கம் தாண்டி

எதிர் சீட்டில் மயிலத்துக்கு மொட்டை போடப் போகும் குடும்பம்.

"இன்னாங்க ஒட்டிக்கினு வர்றீங்க?" என்றார் குடும்பத் தலைவர்.

"விஷவாயு குண்டையெல்லாம் அழிச்சிட்டாங்களாம். அதத்தான்," என்றார் அக்கா.

"நெசமாவா? குடுங்க இப்பிடி ஒரு கட்டு!"

விக்கிரவாண்டி வருவதற்குள் பெட்டியே ஒட்டியது. பூக்காரம்மா ஒருவர் ஒட்டினார். டிக்கெட் பரிசோதகர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு இரண்டு ஒட்டிப் போனார். "நம்ம ஊர்லயும் வச்சிருந்தாங்களா?" என்று ஒருவர் கேட்க, 2009 கதையைச் சொன்னேன். கைதட்டினார்கள். மொட்டைக்காரக் குடும்பம் மயிலத்தில் இறங்க மறந்து, கடைசி நொடியில் குதித்தது.

4. பிசின்

மையத்து வாசலில் தனசேகர் சார் ஒரு பிரதியைப் பிரித்து, சீட்டை விரலால் தடவினார். "இது இன்னாங்க ஒட்டு?"

"நேத்து முடிஞ்ச சேதி சார், இன்னிக்குப் பொஸ்தகத்துல கீது. சிவகாசியில குடுப்பாங்களா?" என்றார் அக்கா.

சார் முகம் மலர்ந்தது. மலர்ந்தபடியே நகத்தால் சீட்டின் ஓரத்தைக் கிளப்பினார். உள்ளே 2311. லீவர் கதையைச் சொல்லிவிட்டேன்.

அவர் மனக்கணக்குப் போட்டார். "அப்ப இந்தப் பிரதிக்கு எறநூத்தி எண்பத்தெட்டு வருஷம் முன்னாடியே முடிச்சிட்டாங்களா!" வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தார். மாணவர்களும் நகம் வைத்தார்கள். யாருக்கு அதிக ஆண்டு என்று போட்டி. 2522 கிடைத்த பெண்ணை மேடையேற்றினார்கள்.

சிரிப்பு அடங்கியதும் சார் எழுந்து சொன்னார்: "வேல உங்களுக்குத்தான். ஆனா ஒரு கொற கீது. முடிஞ்சது, நாடுங்க தாங்களா அறிவிச்ச கையிருப்பு மட்டும். அந்த வார்த்தையக் காணோமே?"

அவர் சொன்னது சரி. மகிழ்ச்சியில் அதை விட்டுவிட்டோம். இளைய புரூஃப் ரீடர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கெட்ட செய்தியை இருமுறை படிக்கிறோம், நல்ல செய்தியை மும்முறை படியுங்கள்.

ஒப்பந்தத்தில் சேராத நாடுகள் இன்னும் நான்கு. அடுத்த பதிப்பில் அவற்றுக்கு நான்கு கட்டங்களைக் காலியாக விட்டோம். எதுவும் குத்தவில்லை. மிஷின் அக்காவின் மேசையில்தான் இருக்கிறது, லீவர் சைபரில்.