டிவியில் வந்த எங்கள் ஆயுத பூஜை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். பெருமாநல்லூர் ரோட்டில் இருக்கும் எங்கள் பனியன் கம்பெனியில் இது எல்லோருக்கும் தெரியும். பனியன் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு, எங்கள் பாஷையில் பையர்களுக்கு, மெயில் எழுதி ஆர்டர் வாங்குகிற மெர்ச்சண்டைசர் வேலை எனக்கு. மெயிலில் காட்டுகிற பணிவுக்கெல்லாம் சேர்த்து வாயில் வட்டி வசூலிக்கிறேன் என்று முதலாளி கிண்டல் செய்வார்.

ஓர் ஆயுத பூஜை அன்று வெளிநாட்டுத் தொலைக்காட்சியிலிருந்து ஒரு நிருபரும் கேமராக்காரரும் வந்தார்கள். இந்து மதமும் அரசியலும் பற்றிய நிகழ்ச்சி என்றார்கள். எங்கள் தையல் மிஷினுக்கும் அரசியலுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றினாலும், வீடு தேடி வந்தவர்களை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? மிஷின்களைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, பூஜை முடிந்திருந்தது. நடு ரோட்டில் பூசணிக்காய் உடைத்த ஆளை, வண்டிகள் வழுக்கிவிடுமே என்று நான் வாசலில் நின்று திட்டிக்கொண்டிருந்தேன்.

உள்ளே நிருபர் ஒரு மிஷினை ஓட்டிக் காட்டச் சொல்லியிருக்கிறார். பூஜை போட்ட மிஷினை மறுநாள் காலையில்தான் தொடுவோம்; அன்றைக்கு அதற்கும் லீவு. இதை இங்கிலீஷில் சொல்லத் தெரியாத டெய்லர்கள், மனசு நோகக் கூடாதே என்று ஆளுக்கொரு பொரிப் பொட்டலத்தை அவர் கையில் வைத்தார்கள். அவர் ஓட்டுங்கள் என்று சைகை காட்டக் காட்டப் பொட்டலங்கள் சேர்ந்துகொண்டே போயின. ஓவர்லாக் மிஷின் முன் உட்கார்ந்திருந்த டெய்லர் அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. முகத்துக்கு நேரே சிரித்தால் மரியாதையாக இருக்காதென்று, வாயைப் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்துவிட்டார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா கிறிஸ்தவர். கழுத்துத் தாலியில் சிலுவை இருக்கும். தன் மிஷினைத் தானே துடைத்து, குங்குமம் வைக்காமல் ஒரு பூ மட்டும் வைப்பார். கிறிஸ்துமஸுக்கு அவர் கொண்டுவரும் கேக்குக்கு நாங்கள் அடித்துக்கொள்வோம். இதையெல்லாம் யாரும் ஒரு விஷயமாகப் பேசியதே இல்லை.

சில வாரம் கழித்து, எங்கள் பெரிய பையர் கம்பெனியின் பெண்மணி ஒரு லிங்க் அனுப்பினார். திறந்து பார்த்தேன். முதலில் எங்கேயோ நடந்த கூட்டம், கொடிகள், கோஷம். அடுத்து ரோட்டில் சிவப்பாகச் சிதறிய எங்கள் பூசணிக்காய், ரத்தம் மாதிரி. பிறகு சோகமான இசையோடு அக்காவின் குனிந்த தலை. வேறு மதத்தைச் சேர்ந்த இந்தப் பெண்ணுக்கு மறுக்க வழியில்லை என்றது ஒரு குரல்.

அந்தப் பெண் கட்டாயப்படுத்தப்பட்டாரா, அவரிடமே பேச முடியுமா, அதுவரை ஆர்டரை நிறுத்திவைக்கிறோம் என்று மெயிலில் இருந்தது. அந்த ஆர்டர் போனால் இரண்டு லைன் டெய்லர்களுக்குப் பொங்கல் வரை வேலை இருக்காது. காரசாரமாக ஒரு பதில் அடித்தேன். முதலாளி படித்துவிட்டு, "இத அனுப்பாத அம்மிணி. அவங்க கேக்கத்தான செய்யறாங்க, பேசட்டும்" என்றார்.

வீடியோ காலில் அக்கா, மொழிபெயர்க்க நான், பக்கத்தில் முதலாளி. "கட்டாயமெல்லாம் இல்லீங்க. சிரிப்புத் தாங்காம குனிஞ்சுட்டனுங்க" என்று அக்கா பொரிக் கதையைச் சொல்ல, அந்தப் பெண்மணியும் சிரித்துவிட்டார். அத்தோடு விடாமல் அவர் இன்னொன்று கேட்டார். அப்படியானால் உங்களுக்குப் பயம் என்று எதுவும் இல்லையா?

அக்கா மறைக்காமல் சொன்னார். "கம்பெனிக்குள்ள ஒண்ணுமில்லீங்க. எங்க ஊர்ல பிள்ளையார் ஊர்வலம் வருசா வருசம் போறதுதானுங்க. இந்த வருசம் கட்சிக்கொடியோட வந்து, எங்க சர்ச் வாசல்ல நின்னு மைக்குல கத்துனாங்க. கொழந்தைங்கள உள்ள வெச்சுக் கதவச் சாத்திட்டு உக்காந்திருந்தோமுங்க. அன்னைக்குப் பயந்துட்டனுங்க."

அந்தப் பெண்மணிக்குத் தமிழ் தெரியாது. பயமில்லை என்று ஒரே வார்த்தையில் முடித்தால் ஆர்டர் பத்திரம். முதலாளியைப் பார்த்தேன். அந்த ஊர்வலத்துக்கு ஆண்டுதோறும் நன்கொடை கொடுக்கிறவர் அவர். முகம் வாடிப்போயிருந்தது. "அவங்க சொன்னத அப்படியே சொல்லீரு அம்மிணி" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவருக்கு நான் இன்றுவரை கடன்பட்டிருக்கிறேன்.

அப்படியே சொன்னேன். அந்தப் பெண்மணி அக்காவின் குழந்தைகளைப் பற்றி விசாரித்தார், மனம் திறந்து பேசியதற்கு நன்றி சொன்னார். ஆர்டரை நிறுத்த இனிக் காரணமில்லை என்றார்.

நிகழ்ச்சிக்காரர்கள் தேடி வந்த விஷயம் அக்காவிடமே இருந்திருக்கிறது. எத்தனையோ நாள் அவரோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட எனக்கும் தெரியவில்லை. திரும்பி நடக்கையில், "ஏனுங்கக்கா, எங்கிட்டக்கூடச் சொல்லலியே?" என்றேன்.

"யாரு மேடம் கேட்டாங்க? அந்தம்மாதான் கேட்டாங்க" என்றார், சாதாரணமாக.

சீட்டுக்கு வந்து, எழுதி வைத்திருந்த காரசாரமான பதிலை அழித்தேன். அந்தப் பெண்மணிக்கு நன்றி சொல்லி ஒரு மெயில் எழுதினேன். அதில் ஆர்டரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.