ஒரிஜினல் பெட்ரோல்

என்னிடம் ஒரு சிவப்புக் கார் இருக்கிறது. பெங்களூரில் ஒருவர் ஆசை தீர ஓட்டிவிட்டு விற்றது. டர்போ எஞ்சின், பின்னால் இரண்டு சைலன்சர், மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். “மார்க்கெட் ரோட்ல ஷேர் ஆட்டோ பின்னாடி ஊந்துகினு போறதுக்கு எதுக்குங்க இந்த வண்டி?” என்று என் மனைவி கேட்டாள். உனக்கென்ன தெரியும் என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன்.

வாங்கிய நாளிலிருந்து பிரீமியம் பெட்ரோல்தான். விற்றவர் அப்படியொன்றும் கட்டாயப்படுத்தவில்லை. சாதா போடலாம், பிரீமியம் போட்டால் கொஞ்சம் நன்றாக இழுக்கும் என்றார். பெட்ரோல் மூடியின் உள்பக்கத்திலும் ஆக்டேன் 95 என்றால் நல்லது, 91 போதும் என்று பொடி எழுத்தில் ஒட்டியிருக்கிறது. படித்தேன். படித்தும் சாதாவைத் தொடவில்லை. காரணம் எஞ்சின் இல்லை. பிரீமியம் குழாயை எடுத்தால் பைக்கில் வரிசையாக நிற்கிற நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த நாலு பேருக்காகத்தான். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் நான் வெட்கப்பட வேண்டியது இதற்கு இல்லை.

எனக்குப் பட்டுச்சேலைக் கடை. வெள்ளி இழை ஓடிய ஜரிகை என்றால் எங்களுக்கு ‘ஒரிஜினல்’, மற்றதெல்லாம் ‘சாதா’. ஒரிஜினலை எடு, சாதாவை மடி, காலையில் ஷட்டரைத் தூக்கியதிலிருந்து இதே பேச்சு. பழகிப் பழகி, உசத்தியானது எதுவானாலும் என் வாயில் ஒரிஜினல் என்றுதான் வரும். காபித்தூள் வாங்கினாலும் அப்படித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவியின் தம்பி சென்னையிலிருந்து வந்திருந்தான். படவேடு கோயிலுக்குப் போகலாம் என்று நான்தான் கிளப்பினேன். அம்மன் ஒரு சாக்கு. மச்சானுக்கு வண்டியைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். வழியில் பெட்ரோல் பங்குக்குள் நுழையும்போது போன் வந்தது, ஒரு கல்யாணப் பார்ட்டி. காதில் போனை வைத்தபடியே கண்ணாடியை இறக்கினேன்.

நீலச் சட்டை போட்ட ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். வேலைக்குப் புதிது, அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

“சாதாவாண்ணா, பிரீமியமாண்ணா?”

“ரெண்டாயிரத்துக்கு ஒரிஜினல் போடும்மா. ஜல்தி.”

“ஒரிஜினலாண்ணா?”

“ஆமாம்மா, ஒரிஜினல்!”

“ஜீரோ பாத்துக்குங்கண்ணா” என்றாள். நான் பார்க்கவில்லை. முகூர்த்தச் சேலைக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். பில்லை என் மனைவி வாங்கிப் பையில் போட்டாள்.

படவேடு நெருங்கும்போது, மச்சானுக்குக் காட்டுவதற்காக ஒரு மிதி மிதித்தேன். அடியிலிருந்து கடகடவென்று சத்தம். விட்டால் நின்றது, மிதித்தால் மறுபடி வந்தது.

“இன்னா மாமா, ரேஸ் காருன்னீங்க, மாவு மில்லு ஓடுற மாதிரி கீது?” என்று மச்சான் சிரித்தான்.

எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. பெட்ரோல்தான் என்று தோன்றியது. பில்லை எடு என்றேன். எடுத்துப் பார்த்துவிட்டு மனைவி மெதுவாக, “சாதான்னு போட்டுக்குது. ஆனா நீங்க கேக்கும்போதே...” என்று ஆரம்பித்தாள்.

“நீ சும்மா இரு” என்றேன். அம்மனைக்கூடப் பார்க்காமல் வண்டியைத் திருப்பினேன்.

பங்கில் நான் போட்ட சத்தத்துக்கு ரோட்டில் போனவர்களெல்லாம் உள்ளே வந்துவிட்டார்கள். எத்தனை லட்சம் வண்டி தெரியுமா, எஞ்சின் போனால் உங்கள் முதலாளி கொடுப்பாரா, படிக்கத் தெரியாதவர்களையெல்லாம் எதற்கு வேலைக்கு வைக்கிறீர்கள். ஆம், இதையும் சொன்னேன். மேனேஜர் ஓடி வந்து அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்.

“அண்ணன் ஒரிஜினல்னுதான் கேட்டாருங்க சார். நான் ரெண்டு தபா கேட்டேன். ஒரிஜினல்னா எதுவும் சேக்காத வெறும் பெட்ரோலுதானே சார்?” என்றாள் அவள்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவள் என் மனைவி பக்கம் திரும்பினாள். “அக்கா, நீங்க பின்னாடிதானே குந்தினு இருந்தீங்க? நீங்களே சொல்லுங்கக்கா. இந்த வேல போச்சுன்னா எனக்கு ரொம்பக் கஷ்டம்க்கா.”

அந்த நொடியில் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. ‘ஆமாம்மா, ஒரிஜினல்’ என்ற என் குரலே என் காதில் கேட்டது. மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியே இல்லை. ஞாபகம் வந்த பிறகுதான் பேசினேன். மச்சான் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான் பிரீமியம்னுதான் சொன்னேன். இவ பொய் சொல்றா.”

என் மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. அப்பாடா என்று இருந்தது எனக்கு. சீச்சீ, அந்த அப்பாடாவை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

“நாளைலேர்ந்து நீ வர வேணாம்மா” என்றார் மேனேஜர். அவள் தொப்பியைக் கழற்றி மெஷின் மேல் வைத்துவிட்டுப் போனாள். அழவில்லை. திட்டியிருந்தாலாவது எனக்குப் பதிலுக்குக் கத்த ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

மறுநாள் மெக்கானிக் வண்டிக்கு அடியில் புகுந்து, ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தார். எஞ்சினுக்குக் கீழே இருக்கும் தகட்டில் ஒரு ஸ்குரூ கழன்று விழுந்திருந்தது. தகடு ஆடியதுதான் அந்தச் சத்தம்.

“பெட்ரோலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல சார். சாதா ஊத்தினா இந்த வண்டி அதுவா சரி பண்ணிக்கும், இழுவை கொஞ்சம் கம்மியாவும், அவ்ளோதான். பிரீமியம்னா பெரிய சக்தின்னு நினைக்கிறாங்க. அது அவசரப்பட்டுப் பத்திக்காது சார், அதான் அதோட வேலையே.”

அப்படியானால் அதை எனக்குத்தான் ஊற்றியிருக்க வேண்டும்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி அரிசி களைந்துகொண்டே, “இப்பவாவது போய்ச் சொல்லிட்டு வாங்க” என்றாள். போனேன். சொல்ல வேண்டியதையெல்லாம் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். மேனேஜர் என்னைப் பார்த்ததும் நாற்காலி போட்டார். “அந்தப் பொண்ண நேத்தோட நிறுத்திட்டோம் சார். உங்களுக்குத் திருப்திதானே?” என்றார்.

“திருப்திங்க” என்றேன்.

பிரீமியம் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சொல்லிட்டீங்களா என்று அவள் கேட்டதற்கு, மேனேஜர் இல்லை என்றேன். அவள் மறுபடி கேட்கவில்லை.

நாலைந்து மாதம் கழித்து வந்தவாசி ரோட்டில் ஒரு பங்குக்குள் வண்டியை விட்டேன். தொப்பிக்குக் கீழே அதே முகம். என்னைத் தெரிந்துகொண்டாள் என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

“சாதாவா, பிரீமியமா?” அண்ணா இல்லை.

“சாதா” என்றேன்.

“இருங்க.” பக்கத்து மெஷினில் இருந்த பெரியவரைக் கூப்பிட்டாள். “அண்ணே, கொஞ்சம் இங்க வா. இவரு சொல்றத நீயும் கேட்டுக்கோ.” பிறகு என்னிடம், “இப்ப சொல்லுங்க” என்றாள்.

அவர் குனிந்து என் வாயையே பார்த்தார். சாதா என்று மறுபடி சொன்னேன். அவள் ஊற்றினாள். ஜீரோ பார்க்கச் சொன்னாள், பார்த்தேன். குழாயை மாட்டிவிட்டு வந்ததும் எப்படியோ பேச வாய் வந்தது.

“அன்னிக்கு நான் ஒரிஜினல்னுதான்மா சொன்னேன்.”

“தெரியும். எனக்குத் தெரியாதா?” மூடியைத் திருகிக்கொண்டே பேசினாள். “அங்கன்னா பள்ளிக்கூடம் விட்டதும் பசங்க நேரா பங்குக்கு வந்துடும். இங்க வர்றதுக்கு ரெண்டு பஸ்ஸு. பசங்க பூட்டின வீட்டு வாசல்ல குந்தினு இருக்குது. எனக்குச் சொல்லி இன்னா ஆவப்போவுது? அங்க போய்ச் சொல்லுங்க.”

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. வண்டியை எடுத்தேன்.

அவள் முன்பு வேலை பார்த்த பங்கு என் கடையிலிருந்து ஐந்து நிமிடம். இப்போதெல்லாம் வேறு தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறேன். காருக்குச் சாதாதான் போடுகிறேன், வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. இதோ, நடந்ததை ஒன்று விடாமல் எழுதியும்விட்டேன், யார் பெயரும் போடாமல், என் பெயரும் போடாமல். அவள் சொன்ன ‘அங்க’ இது இல்லை.