டாக்டரம்மாவின் காதுகள்

அந்தக் குடியிருப்பில் எல்லோரும் அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் டாக்டர் இல்லை. நோயாளியைப் பார்த்து முடித்ததும் டாக்டர்கள் வாயால் சொல்லிப் பதிவு செய்யும் குறிப்புகளை, வீட்டில் இருந்தபடி கேட்டுத் தட்டச்சு செய்து அனுப்புவதுதான் அவள் வேலை. பித்தப்பைக் கல், தேய்ந்த மூட்டு, வீங்கிய ஈரல் என்று யார் யார் உடம்புக்குள்ளோ இருப்பதெல்லாம் அவள் காது வழியாகப் போய்த்தான் காகிதத்தில் ஏறும். அதனால் மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்கள் நின்று முழங்காலைக் காட்டுவார்கள். "எனக்கு டைப் அடிக்க மட்டும்தாங்க தெரியும்" என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இப்போதெல்லாம் "நிறைய தண்ணி குடிங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறாள். அதிலேயே இரண்டு பேருக்குக் குணமாகியும் இருக்கிறது.

சாப்பாட்டு மேசையின் ஒரு ஓரம்தான் அவள் அலுவலகம். மேசைக்கடியில் ஒரு பெடல் இருக்கும். காலால் அழுத்தினால் பேச்சு ஓடும், எடுத்தால் நிற்கும், குதிகாலால் மிதித்தால் கொஞ்சம் பின்னால் போகும். ஒரு டாக்டர் சாப்பிட்டுக்கொண்டே பேசுவார். இன்னொருவர் கார் ஓட்டிக்கொண்டே பேசுவார். மூன்றாமவர் ஒவ்வொரு வாக்கியத்தின் வாலையும் விழுங்கிவிடுவார். அவர்கள் விழுங்கியதை மீட்டெடுத்தே அவள் பிழைப்பு நடந்தது.

வீட்டுச் சத்தம் அதற்கு ஒத்துழைக்கவில்லை. மாமனாருக்குக் காது மந்தம். கருவி வாங்கிக் கொடுத்தும் மாட்டிக்கொள்ள மாட்டார். காலையில் டிவியைப் போட்டால், செய்தி வாசிப்பவர் வீட்டுக்குள்ளேயே நின்று கத்துவதுபோல இருக்கும். மகள் பரீட்சைக்குப் படிப்பதென்றால் கூடத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தபடி வாய்விட்டுத்தான் படிப்பாள். மேல் வீட்டில் தரையைப் பெயர்த்துப் புதுக் கல் பதிக்கிறார்கள். லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் காலையில் போனால் இருட்டியபின்தான் வருவார் என்பதால், இதில் எதுவும் அவர் காதில் விழாது.

ஒருநாள் மதியம், அவள் அனுப்புவதைச் சரிபார்க்கும் பெண் போன் செய்தாள்.

"அக்கா, அந்த இதய நோயாளி ரிப்போர்ட்ல மாத்திரை ஃபிஃப்டின்னு போட்டிருக்கீங்க. அது ஃபிஃப்டீன்க்கா."

"ரெண்டு மூணு தடவை கேட்டுட்டுத்தானே போட்டேன்."

"பரவால்லக்கா, நான் மாத்திட்டேன். உங்க கையிலேர்ந்து இப்படி வந்ததே இல்ல, அதான். உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று வைத்துவிட்டாள். அந்தப் பெண் பார்க்காமல் விட்டிருந்தால், முகம் தெரியாத யாரோ ஒருவர் மூன்று மடங்குக்கு மேல் மருந்து விழுங்கியிருப்பார். பதிவை எடுத்து மறுபடி கேட்டுப் பார்த்தாள். இந்தத் தடவையும் அந்த இடம் வரும்போது மேல் வீட்டில் துளை போடும் மிஷின் ஓட, அவள் காதில் சொல்லின் பாதிதான் விழுந்தது.

அன்று இரவு கணவர் சட்டையைக் கழற்றும்போதே சொன்னாள். "வெளிச் சத்தத்தைக் குறைக்கிற ஹெட்ஃபோன் இருக்காம். ஒண்ணு வாங்கலாமான்னு பாக்கறேன்."

"காதுல பஞ்சு வெச்சுக்கயேன்."

"பஞ்சு வெச்சா டாக்டர் பேசறதும் கேக்காதே."

"அதுவும் சரிதான்" என்றவர், சொல்லி முடிப்பதற்குள் சோபாவிலேயே கண்ணயர்ந்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் களைப்பு.

பல நாட்கள் அவள் போனில் தேடிப் படித்தாள். வாங்கியவர்களில் ஒருவர் சொர்க்கம் என்றார். அடுத்தவர் கீல் உடைந்துபோனதைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். மலிவானவை காதை இறுக்கி வலியெடுக்க வைக்குமாம். உயர்ந்த ரகங்களின் படத்தில் எல்லோரும் விமானத்தில் கண்மூடிச் சாய்ந்திருந்தார்கள். நடுவில் சில இருந்தன. அதுதான் நமக்கு என்று நினைத்தாள். இரண்டு முறை 'வாங்கு' பொத்தான் வரை போய், எதற்கும் யோசிப்போம் என்று மூடிவிட்டாள். தனக்கென்று வாங்கும்போது மட்டும் அவளுக்கு இந்த 'எதற்கும்' வந்துவிடும்.

சாப்பிடும்போது மகள்தான் ஆரம்பித்தாள்.

"அம்மா, ஒண்ணு சொல்லட்டா? அந்த ஹெட்ஃபோனைத் தாத்தாவுக்கு வாங்கிக் குடுத்துடலாமே. டிவி சத்தம் அவருக்கு மட்டும் கேக்கும். வீடே அமைதியாயிடும். எனக்கும் படிக்க வசதி."

"அட, நியாயமா இருக்கே" என்றார் கணவர்.

மாமனார் தன் பெயர் அடிபடுவது தெரியாமல் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நியாயம்தான். அதுதான் அவளை என்னவோ செய்தது. அவள் ஆசைப்பட்ட அமைதிகூட இன்னொருவர் காது வழியாகச் சுற்றித்தான் அவளிடம் வரவேண்டுமா? கோபப்படத் தெம்பில்லை. "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை, வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டுத் தனியாகக் கடைக்குப் போனாள். விற்பனைக்கு நின்றிருந்தவளுக்கும் ஏறக்குறைய அவள் வயதுதான். கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தாள்.

"எல்லாச் சத்தமும் போயிடுமாங்க?"

"போகாதுங்க. ஃபேன், வண்டி இரைச்சல் மாதிரி ஒரே சீரா வர்றது நல்லா அடங்கும். ஆளுங்க பேசறது முழுசா போகாது. தூரத்துல பேசற மாதிரி இருக்கும்."

"பெடல் மிதிச்சுக் கேட்டு டைப் அடிக்கிற வேலைங்க எனக்கு. மிதிச்ச உடனே பேச்சு வரணும்."

"வயர் இல்லாம கேட்டா ஒரு துளி பிந்தி வரும். இதுல வயர் சொருகியும் கேக்கலாம். போட்டுப் பாருங்க."

மாட்டிக்கொண்டாள். கடையின் ஏசி இரைச்சல், வெளியே போக்குவரத்து எல்லாம் தண்ணீரில் அமிழ்வதுபோல அமிழ்ந்தன. அவள் தோள்கள் மெல்லக் கீழே இறங்கின. இத்தனை நாளும் அவற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தோம் என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அழுகை வரும்போல் இருந்தது. கடையில் நின்று அழ முடியாது என்பதால் பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்தாள்.

விற்பனைப் பெண்ணின் உதடுகள் அசைந்தன. வெகு தூரத்திலிருந்து கேட்டது. "யாருக்காவது பரிசா? சுத்தித் தரட்டா?"

"எனக்கு" என்றாள்.

காதுகள் மூடியிருந்ததால் குரல் எவ்வளவு உயர்ந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. கடையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முகம் சிவந்தாலும், சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

வீட்டில் பெட்டியைப் பார்த்ததும் மகள் ஏதோ கேட்க வாயெடுத்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். மாமனார்தான் எழுந்து வந்து, அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதப் போட்டா என்னம்மா கேக்கும்?"

அவள் அவர் காதருகே குனிந்தாள். "ஒண்ணும் கேக்காது மாமா."

அவர் அதை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். "அதுக்கா காசு குடுத்த? எனக்குச் சும்மாவே கெடைச்சுதே."

ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தாள். என்ன வேடிக்கை என்று புரியாமல் அவரும் கூடச் சிரித்தார்.

டிவி பழையபடிதான் அலறியது. மேல் வீட்டு வேலையும் நிற்கவில்லை. ஆனால் மருந்தின் அளவுகளை அவள் ஒரே தடவையில் கேட்டுவிட முடிந்தது. கூடத்திலிருந்து கத்திப் பயனில்லை என்று கண்ட மகள், பக்கத்தில் வந்து தோளைத் தொட்டுக் கேட்டாள். அவ்வளவு தூரம் நடந்து வரவேண்டும் என்பதால் பாதிக் கேள்விகள் பாதி வழியிலேயே தீர்ந்துபோயின. அவளைக் கூப்பிடாமல் தானே தேடினாலும் சாக்ஸ் கிடைக்கும் என்பதைக் கணவரும் கண்டுபிடித்தார். இத்தனை நாளும் இவர்கள் சும்மாதான் கூப்பிட்டார்களா என்று ஒருநாள் அவளுக்கு வலித்தது. பிறகு அதையும் நினைக்க அலுப்பாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்ட கையோடு, எதையும் ஓடவிடாமல் வெறுமனே ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். ஐந்து நிமிடம் என்றுதான் நினைத்தாள். கண் விழித்தபோது ஜன்னலில் வெயில் இறங்கியிருந்தது. கழுத்து வலித்தது. தொட்டியில் பாத்திரங்கள் அப்படியே கிடந்தன. ஒருவரும் கழுவியிருக்கவில்லை. ஒருவரும் அவளை எழுப்பவும் இல்லை.