ஒரு கேள்வி கேளுங்களேன்

போன வாரத்துக்கு முந்தைய ஞாயிறு. ஹட்டனில் மழை. (இதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்காதீர்கள்.)

டவுனில் ரிஸ்வான் நானாவின் ஹார்ட்வெயார் கடை. அதன் மேல்மாடியில் பெயின்ட் வாளிகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு ஊர்க்காரர்கள் நாங்கள் பிளாஸ்டிக் கதிரைகள் போட்டிருந்தோம். சுவரில் ஒரு வெள்ளைத் துணி. அதன் முன்னால் தர்ஷினி நின்று பேசிக்கொண்டிருந்தார்.

தர்ஷினி றொசல்லப் பக்கத் தோட்டத்துப் பிள்ளை. பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்து, இப்போது அங்கேயே ஆய்வு செய்கிறார். தேயிலை மலைக்குள் ஓடும் ஓடைகளில் கல்லைப் புரட்டினால் அடியில் ஒட்டிக்கொண்டிருக்குமே சின்னச் சின்னப் பூச்சிகள்... அவைதான் அவருடைய உலகம். எந்தப் பூச்சி இருக்கிறது, எது காணாமல் போயிற்று என்று பார்த்தால் தண்ணீரின் நிலைமை தெரியுமாம்.

நன்றாகவே பேசினார். முடித்துவிட்டு, கேள்விகள் இருந்தால் கேட்கலாம் என்றார்.

கேட்டோமா? கை தட்டினோம். ரிஸ்வான் நானா எழுந்து போய், முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த பொன்னாடையை எடுத்து வந்தார். அதைப் போர்த்திவிடும்படி என்னைக் கூப்பிட்டார். முன்வரிசையில் ஓர் ஆசிரியர் வாழ்த்துரைக்காகத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

பொன்னாடையோடு நின்ற தர்ஷினிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனந்தக் கண்ணீராக்கும் என்று நாங்கள் இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டினோம்.

ஆனந்தமாவது ஒன்றாவது! பிள்ளை பயந்துபோய் நின்றது.

"அக்கா, யாராச்சும் ஒரு கேள்வி கேளுங்களேன்..." என்றார் என்னிடம், மெதுவாக. "அதுக்குத்தானே வந்தேன்."

விஷயம் இதுதான். ஆய்வை பிஎச்.டி. வரைக்கும் கொண்டுபோக வேண்டுமானால் ஒரு குழுவின் முன்னால் பேசி, அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். தர்ஷினி ஏற்கெனவே ஒரு தடவை போயிருக்கிறார். அருமையாகப் பேசியிருக்கிறார். பேசி முடித்ததும் ஒரு பேராசிரியர், ஏன் குறிப்பாக இந்த ஓடைகளைத் தெரிவு செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். சாதாரணக் கேள்வி. பதிலும் தர்ஷினிக்குத் தெரியும். அந்த ஓடைகளில் அட்டைக் கடி வாங்கியே நடந்தவர் அவர்.

ஆனால் தலையைக் குனிந்துகொண்டு, "சொரி சேர்" என்றாராம். அடுத்த கேள்விக்கும் அதே சொரி. அதற்கடுத்ததற்கு அதுவும் வரவில்லை.

இவருக்கு விஷயம் போதாது என்று குழு முடிவு கட்டிவிட்டது. அவருக்கு வழிகாட்டும் விரிவுரையாளர் — சிங்களப் பெண்மணி, நல்ல மனம் — வாதாடி இன்னொரு வாய்ப்பு வாங்கிக்கொடுத்திருக்கிறார். இதிலும் தவறினால் ஆய்வு அதோடு சரி. போய் உன் சனங்கள் முன்னால் பேசு, அவர்களைக் கேள்வி கேட்க விடு என்று அவர்தான் அனுப்பியிருக்கிறார். நாங்கள் பொன்னாடையோடு காத்திருந்தது அவருக்கு எப்படித் தெரியும்?

ஏன் பதில் வரவில்லை என்று கேட்டேன்.

"கேள்வி கேட்டாலே, என்னமோ தப்பு பண்ணி மாட்டிக்கிட்ட மாதிரி இருக்குக்கா. ஒடம்பு தானா குனிஞ்சிருது."

எனக்குச் சுருக்கென்றது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்காக வரிசையாக நிற்கும்போது, மேற்பார்வை செய்யும் கண்டாக்கையா ஒருவரைப் பார்த்து 'ஏன்' என்று ஆரம்பித்தால் அது கேள்வியா? குற்றப்பத்திரிகை. ஏன் லேட்டு, ஏன் கொழுந்து முத்தியிருக்கு, ஏன் நேத்து வரல... இதற்கெல்லாம் பதில் சொன்னால் வாய் காட்டுகிறாள் என்று பெயர். குனிந்து நின்றால் வேலை கிடைக்கும். அந்தப் பாடத்தைப் பிள்ளைகளுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தருவதில்லை. தாயின் கழுத்தைப் பார்த்தே பிள்ளை படித்துக்கொள்கிறது.

இன்னொரு பக்கம் நாங்கள். நம் பிள்ளை மேடையில் நின்றால் கேள்வி கேட்டுச் சங்கடப்படுத்தக் கூடாது என்பது நம்முடைய பாசம். பல்கலைக்கழகம் கிடைத்ததும் சந்தியில் பெனர் கட்டுகிறோம். படத்தில் பிள்ளையை விடப் பெரிதாகத் தலைவர் சிரிக்கிறார். அடுத்த மழையில் பெனர் கிழிகிறது. பிறகு அந்தப் பிள்ளை என்ன படிக்கிறது, எதைத் தேடுகிறது... யாராவது விசாரித்திருக்கிறோமா?

சரி, மேல்மாடிக்கு வருவோம்.

இந்தச் சங்கடத்தை எல்லோருக்கும் எடுத்துச் சொன்னேன். கேள் என்றால் என்னத்தைக் கேட்பது? ஆசிரியர் தன் சப்பாத்தைப் பார்த்தார். நான் வெள்ளைத் துணியைப் பார்த்தேன்.

கடைசி வரிசையில், நனைந்த குடையை மடியில் வைத்தபடி தர்ஷினியின் அம்மா பார்வதி இருந்தார். இன்னமும் கொழுந்து பறிக்கிறவர். அவர்தான் எழுந்தார்.

"இந்தப் பூச்சி இருந்தா தண்ணி நல்லதுங்குற. மலையிலேருந்து நம்ம பீலியில வந்து விழுற தண்ணியில அது இல்லங்குற. அப்ப இத்தன காலமா நாங்க குடிச்சது கெட்ட தண்ணியா?"

தர்ஷினியின் தலை குனிந்தது. பழைய பழக்கம்.

"குத்தம் சொல்லல புள்ள," என்றார் பார்வதி. "எனக்குத் தெரியணும். அதான் கேக்குறேன்."

தலை நிமிரக் கொஞ்ச நேரம் எடுத்தது. நிமிர்ந்தது.

"தெரியலம்மா," என்றார் தர்ஷினி. "பீலிக்கு மேல வாய்க்கால சிமெந்து பூசிட்டாங்க. பூச்சி ஒட்டுறதுக்குக் கல்லு இல்ல. அதனால இல்லாம போயிருக்கலாம். இல்லாட்டி, மலையில அடிக்கிற மருந்து எறங்கி வந்திருக்கலாம். ரெண்டுல எதுன்னு இன்னும் தெரியாது. அதப் பாக்கத்தான் மேல படிக்கணும்."

அது போதாதா? ஊர் கேட்கத் தொடங்கிவிட்டது. ரிஸ்வான் நானா வியாபாரி அல்லவா... ஒரே மழைக்காலத்தில் எடுத்த கணக்கை வைத்து எப்படி நம்புவது என்று விலை பேசுகிற தோரணையில் மடக்கினார். தர்ஷினி விட்டுக்கொடுக்கவில்லை. அவரும் விடவில்லை. பார்வதிக்கு மருந்தைப் பற்றி மேலும் சந்தேகங்கள். கதிரைகளை அடுக்கும்போதும் யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். மேல்மாடியில் அவ்வளவு சந்தோஷமான சண்டையை நான் பார்த்ததில்லை.

ஆய்வு செய்கிற நம் பிள்ளைகளுக்கு உதவ வேண்டும் என்று அடிக்கடி பேசுகிறோம். லெப்டொப், தங்குமிடம், ஆங்கிலம்... எல்லாம் வேண்டும்தான். அவர்களோடு சமமாக மல்லுக்கு நிற்க நாலு பேரும் வேண்டும். பேராசிரியர்மாருக்கும் ஒரு வார்த்தை: தலை குனிந்து நிற்கிற எல்லோரும் பதில் தெரியாதவர்கள் இல்லை, சேர். கொஞ்சம் பொறுத்து, வேறு விதமாக இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள்.

கடந்த வியாழன் பின்னேரம், மறுபடி குழுவின் முன்னால் பேசிவிட்டு, தர்ஷினி எனக்குப் போன் எடுத்தார். குரலை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. கேள்வி கேட்டார்களா என்றேன்.

"நெறையாக்கா. ஒரு எடத்துல தெரியாதுன்னே சொல்லிட்டேன். நிமிந்து நின்னு சொன்னேன்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். பிறகு?

"தெரியாட்டி அதையும் சேத்து ஆய்வு பண்ணுங்கன்னுட்டாங்க. பிஎச்.டி. தொடரலாமாம்."

தோட்டத்துக்கும் சொல்லிவிட்டாராம். அம்மா சந்தோஷப்பட்டாரா என்று கேட்டேன். பட்டாராம். பட்ட கையோடு, பீலித் தண்ணீரைப் பற்றி எப்போது முடிவு சொல்வாய் என்று ஆரம்பித்துவிட்டாராம்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை எதையோ படித்துக்கொண்டிருக்கலாம். இன்றைக்குக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேளுங்கள் — எப்போது வேலை கிடைக்கும் என்பதைத் தவிர!