அரக்கைப் பழக்கிய பதினைந்து நாள்

நாய்க்குட்டி வேண்டும் என்று கேட்கிற பிள்ளைகளுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். எல்லாரும் அதன் முகத்தைப் பார்த்துத்தான் வீட்டுக்குத் தூக்கி வருகிறோம். வந்த பிறகு அதன் வயிற்றோடுதான் குடித்தனம் நடத்தவேண்டியிருக்கிறது. எனக்கு இது ஒன்பது வயதில், ஒரு முழுப்பரீட்சை லீவில் தெரிந்தது.

குட்டியைக் கொண்டுவந்தவர் சித்தப்பா. எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். சித்தப்பா வீடு அதே தெருவில் நாலு வீடு தள்ளி. அவருக்குப் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிற வேலை. அவர் கையைப் பார்த்தாலே அன்றைக்குப் பட்டறையில் என்ன நிறம் ஓடுகிறது என்று தெருவுக்கே தெரிந்துவிடும். அன்றைக்கு அரக்கு நிறம். காய்கறிப் பையிலிருந்து அவர் வெளியே எடுத்துவிட்ட குட்டி முழு வெள்ளை. ஆனால் அதன் வயிற்றின் இரண்டு பக்கமும் சித்தப்பாவின் பத்து விரலும் கருஞ்சிவப்பாகப் பதிந்திருந்தன.

“இன்னாப்பா இது, முத்திரை குத்தி எடுத்துக்கினு வந்திருக்க?” என்றாள் அம்மா.

“பட்டறைக்குப் பின்னால தனியா கத்திக்கினு இருந்துச்சு அண்ணி. பாவமா இருந்துச்சு. பையனும் கேட்டுக்கினே இருக்கான்ல.”

“பாவமா இருந்தா உன் வூட்ல வச்சுக்கறதுதானே?”

“என் வூட்லதான் ரெண்டு பூனை இருக்குதே!”

குட்டி அதற்குள் அம்மாவின் காலடியில் ஒரு சின்னக் குளம் கட்டிவிட்டது. பேச்சுவார்த்தை அத்தோடு முடிந்தது.

விரல் அடையாளம் பத்து நாளில் போய்விட்டது. அரக்கு என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

எங்கள் வீட்டில் நாய் என்பது லேசான விஷயம் இல்லை. முன் கூடம் முழுக்கத் தறிதான். தரையில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி இருக்கும். அப்பா அதன் விளிம்பில் உட்கார்ந்து, கால்களை உள்ளே தொங்கவிட்டு, மிதிகட்டைகளை மாறி மாறி மிதித்து நெய்வார். புடவையின் கரைக்கு நூல் ஓட்டுகிற நாடாவைப் போட்டுக் கொடுக்க அம்மா பக்கத்தில் உட்காருவாள். அந்த மாதம் தறியில் இருந்தது ஒரு முகூர்த்தப் புடவை. முகூர்த்தப் புடவை தறியில் இருக்கிறவரைக்கும் கூடத்தில் செருப்புகூட வரக்கூடாது என்பது அம்மாவின் சட்டம்.

அப்பா நெய்வதை நிறுத்தாமலே தீர்ப்புச் சொன்னார்.

“இந்தப் புடவைக்கு இன்னும் பதினஞ்சு நாள் வேலை இருக்குது. மூணு நாள் தரேன், பழக்கு. நாலாவது நாள்லருந்து புடவை இறங்கற வரைக்கும் வூட்டுக்குள்ள ஒரு தடவை அசிங்கம் பண்ணாலும் சரி, செவிலிமேட்டுல மாமா வூட்டுக்கு அனுப்பிடுவேன்.”

மாமா அப்போது புது வீடு கட்டியிருந்தார். சுற்றுச்சுவர், இரும்பு கேட்டு, கேட்டில் ‘நாய்கள் ஜாக்கிரதை’ என்ற பலகை எல்லாம் தயார். நாய் மட்டும்தான் பாக்கி. அங்கே போனால் அரக்கை அந்தப் பலகைக்குக் கீழே சங்கிலியில் கட்டிவிடுவார்கள். அதற்கு அப்போது கால் ஊன்றி நிற்கவே சரியாக வராது.

அப்பாவிடம் கெஞ்சிப் பலன் இல்லை என்று எனக்குத் தெரியும். அவர் சொன்னால் சொன்னதுதான், அது அவர் தலையிலேயே விழுந்தாலும். ஒரு தடவை என் பரீட்சை முடியும்வரை டிவி போடக்கூடாது என்று சொல்லிவிட்டு, கிரிக்கெட் கடைசி ஆட்டம் வந்தபோது அவரே எதிர்வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

ஆகவே பழக்கினேன். என் முறை மிகவும் சுலபம். குட்டி தூங்கி எழுந்தால் தூக்கு. தின்றால் தூக்கு. மூக்கைத் தரையில் வைத்துச் சுற்ற ஆரம்பித்தால் ஓடிப்போய்த் தூக்கு. தூக்கிக்கொண்டு பின்பக்கம் முருங்கை மரத்தடிக்குப் போய் இறக்கிவிட்டு, “போ, போ” என்று சொல். போனால் “சபாஷ்” சொல்லி ஒரு துண்டு பொறை கொடு. டீக்கடைப் பொறை ரொட்டிக்காக அது எதையும் செய்யும் என்று நினைத்தேன்.

முதல் நாள் முருங்கை மரத்தடியில் ஒரு தடவை, மற்ற இடங்களில் ஏழு தடவை. மற்ற இடங்களில் அம்மாவின் காலைக் கோலமும் அப்பாவின் இடது செருப்பும் அடக்கம். இரண்டாம் நாள் பாதிக்குப் பாதி. மூன்றாம் நாள் நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அதன் வயிறு கெட்டது.

காரணம் பால். வேண்டாம் வேண்டாம் என்று சொன்ன அம்மாவே, நான் பார்க்காதபோது சர்க்கரை போட்டு ஆற்றிய பசும்பாலைக் கொட்டாங்குச்சியில் ஊற்றி வைத்திருக்கிறாள். அரக்கு வயிறு புடைக்கக் குடித்துவிட்டு, தண்ணீராகப் போக ஆரம்பித்தது.

சாயங்காலம் சித்தப்பா வந்து பார்த்தார். திரும்பிப் போய், மந்தாரை இலையில் கட்டிய பெருமாள் கோவில் இட்லியில் ஒரு பெரிய துண்டோடு வந்தார்.

“இதுல இன்னா இன்னா இருக்குது சொல்லு? மிளகு இருக்குது, சீரகம் இருக்குது, சுக்கு இருக்குது. எல்லாம் வயித்துக்கு மருந்துபா. டாக்டர் தர்ற மாத்திரைலகூட இதான் இருக்கும்.”

“நெய் கூட இருக்குதே சித்தப்பா?”

“மருந்து சுலபமா உள்ள இறங்க வாணாமா?”

நியாயமாகத்தான் பட்டது. எங்கள் ஊரில் யாருக்கு வயிறு சரியில்லை என்றாலும் மிளகும் சுக்கும்தான் முதல் மருந்து. இதுவோ பெருமாளுக்குப் படைத்தது வேறு. அரக்கு துண்டு முழுவதையும் தின்று, இலையையும் நக்கி, இரண்டு தடவை தும்மிவிட்டுத் தறிக்குழிக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டது. மே மாத வெயிலுக்கு வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான் என்று அது முதல் நாளே கண்டுபிடித்திருந்தது. கொல்லையில் கட்டினால் தெருவே எழுந்திருக்கும்படி கத்தியது. குழிக்குள் விட்டால் சத்தமே இல்லை.

நான் மொட்டை மாடியில் படுப்பேன். முதுகில் வெயில் சுட்ட பிறகுதான் இறங்கி வருவேன். மறுநாள், அதாவது நாலாவது நாள், கண் விழித்ததும் சித்தப்பாவின் மருந்து ஞாபகம் வந்தது. இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி ஓடினேன்.

கூடம் முழுக்கச் சாம்பிராணிப் புகை. அப்பா அதற்குள் குளித்துவிட்டுத் தறியில் உட்கார்ந்திருந்தார். வழக்கமாக அவர் இரண்டாவது டீக்குப் பிறகுதான் குளிப்பார். குழியை எட்டிப் பார்த்தேன். அடியில் புது மணல் போட்டுப் பரப்பியிருந்தது. அரக்கு அப்பாவின் பாதத்தின்மேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

“அப்பா, ராத்திரி ஏதாவது...?”

“ஏதாவதுன்னா?”

“அசிங்கம் ஏதாவது?”

“நான் ஒண்ணும் பாக்கலையே” என்றார் அப்பா, புடவையைப் பார்த்தபடியே.

எனக்குத் தலைகால் புரியவில்லை. குட்டியைத் தூக்கிக்கொண்டு முருங்கை மரத்தடிக்கு ஓடினேன். அங்கே இறக்கிவிட்டதுமே அது தண்ணீராகப் போனது. நான் அதன் தலையைத் தடவி மெச்சிக்கொண்டேன். வயிறு இந்தப் பாடு படும்போதும் ராத்திரி முழுக்க அடக்கி வைத்திருந்து, விடிந்ததும் சரியான இடத்தில் வந்து போகிறதே, என்ன அறிவு! யார் பழக்கியது!

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். தினமும் சாம்பிராணி, தினமும் குளித்து முடித்த அப்பா, தினமும் சுத்தமான குழி. வெள்ளிக்கிழமைக்கு மட்டும் போடுகிற சாம்பிராணியை ஏன் செவ்வாய், புதனுக்கெல்லாம் போடுகிறார்கள் என்று கேட்டேன். முகூர்த்தப் புடவை என்றாள் அம்மா. சரி என்றேன்.

தெருவில் என் மதிப்பு ஏறியது. பிள்ளைகளைக் கூட்டி வாசலில் உட்காரவைத்து என் முறையை விளக்கினேன். எதிர்வீட்டுப் பையன் ஒருத்தன் மட்டும் நம்பவில்லை.

“வவுறு போற நாய் விடியற வரைக்கும் அடக்கிக்குதா? உன் நாய் இன்னா கலெக்டரா, டைமுக்குப் போறதுக்கு?”

“பழக்கறவங்க பழக்கினா எல்லாம் போவும்.”

“எங்கப்பாவே ராத்திரில ரெண்டு தபா எழுந்துக்கறாரு. அவரையும் கொஞ்சம் பழக்கிக் குடேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். உள்ளே தறிச் சத்தம் நின்று, அப்பா பலமாக இருமுவது கேட்டது. கூடவே அம்மாவும் இருமினாள். வீட்டில் எல்லாருக்கும் சாம்பிராணிப் புகை ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அரக்கு இளைத்துக்கொண்டே வந்தது. ஏழாவது நாள் பொறையைக் காட்டினால்கூட எழுந்திருக்கவில்லை. மூக்கு உலர்ந்து கிடந்தது. நான் அழ ஆரம்பித்தேன். அப்பா நெய்வதைப் பாதியில் நிறுத்திவிட்டு மொபெட்டை வெளியே எடுத்தார். முகூர்த்தப் புடவையைப் பாதியில் விட்டு அவர் எழுந்து நான் பார்த்ததே இல்லை. நான் பின்னால் உட்கார்ந்து, அரக்கைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டரம்மா குட்டியின் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். பாலைச் சொன்னேன். இட்லியைச் சொன்னேன். மிளகு, சீரகம், சுக்கு, நெய் என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன்.

“இது நாய்க்குட்டிப்பா, பெருமாள் இல்ல” என்றார் அவர். “சரி, ராத்திரில எத்தனை தடவை போகுது?”

“ராத்திரில போறதே இல்ல டாக்டர். நான் பழக்கி வச்சிருக்கேன்.”

“போறதே இல்லையா?” டாக்டரம்மா கையில் இருந்த பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “நல்லா யோசிச்சுச் சொல்லு. அதை வச்சுத்தான் மருந்து குடுக்கணும்.”

“ஒரு தடவைகூட இல்ல. அப்பாவைக் கேளுங்க.”

அப்பா சட்டைப் பையைத் தடவினார். “டேய், வண்டில சாவிய வச்சுட்டு வந்துட்டேன் போலருக்குது. போய்ப் பாரு.”

ஓடினேன். வண்டியில் சாவி இல்லை. திரும்பி வந்தபோது சாவி அப்பா கையில் இருந்தது. டாக்டரம்மா சீட்டில் எதையோ அடித்துவிட்டு வேறு எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்பாவைப் பார்த்து இன்னும் கொஞ்சம் சிரித்தார்.

“நல்லாத்தான் பழக்கியிருக்கீங்க” என்றார். என்னை நீங்க என்று சொன்ன முதல் டாக்டர் அவர்தான் என்று எனக்கு ஒரே பெருமை.

ஊசி போட்டார்கள். பூச்சி மருந்து கொடுத்தார்கள். பால் கூடாது, நெய் கூடாது, குழைய வடித்த சோறும் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரும் மட்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். சித்தப்பா மூன்று நாள் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. வந்தபோது கை பச்சை நிறத்தில் இருந்தது. அரக்கைத் தூக்கப் போனவரை அம்மா, “கையக் கழுவிட்டு வா, இன்னொரு பேரு வைக்க முடியாது” என்று தடுத்தாள். அரக்கு அதற்குள் வாலை ஆட்டும் அளவுக்குத் தேறியிருந்தது. பத்தாம் நாள் வாக்கில் பொறை கேட்டுக் குரைத்தது. அதன் முதல் குரைப்பு அதுதான். குரைத்த அதிர்ச்சியில் அதுவே பின்னால் விழுந்தது.

பதினைந்தாம் நாள் புடவை தறியிலிருந்து இறங்கியது. கற்பூரம் காட்டி, அப்பா அதை அறுத்து எடுத்து மடித்து மஞ்சள் துணியில் வைத்தார். நான் அரக்கை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு எதிரில் போய் நின்றேன். தீர்ப்பு நாள் அல்லவா.

“இன்னா?” என்றார் அப்பா.

“நாலாவது நாள்லருந்து வூட்டுக்குள்ள ஒரு தடவைகூடப் பண்ணல.”

“நான் பாத்த வரைக்கும் இல்ல. இருந்துட்டுப் போவட்டும்.”

“நீதான்பா தேவையில்லாம பயந்த. நாயப் பழக்கறது ரொம்பச் சுலபம்.”

“ஆமாண்டா” என்றார் அப்பா. “பயந்துதான் போயிட்டேன்.”

அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அம்மா எனக்கு இதைச் சொன்னது, எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகு. அந்த நாலாவது நாள் தொடங்கி ஏழெட்டு நாள், விடிவதற்கு முன்னால் அப்பா எழுந்து, குழிக்குள் இறங்கி, நனைந்த மணலை முறத்தில் வாரி வெளியே கொண்டுபோய்க் கொட்டி, மிதிகட்டைகளை வெந்நீர் விட்டுக் கழுவி, புது மணல் போட்டு, குளித்து, சாம்பிராணி போட்டிருக்கிறார். அந்த வயிற்று நோயோடு இருந்த குட்டியை முருங்கை மரத்தடிக்குத் தூக்கிப்போய் விடியும்வரை “போ, போ” என்று சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறார். நான் பார்க்காதவரைக்கும் அவர் சொன்ன சொல்லுக்குப் பங்கமில்லை. பார்த்துவிட்டால் அரக்கை அவர் அனுப்பித்தான் ஆகவேண்டும். மாடிப்படியில் பூனை இறங்கினால்கூட, முறத்தைப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றாராம்.

பயந்துபோயிட்டேன் என்று அவர் சொன்னது நிஜம்தான். அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை. அப்பாவே தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று எதிர்வீட்டுப் பையனிடம் சொல்ல, அரக்கைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன்.