எலிக்குக் கேட்ட மருந்து

மதுரையில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, வயதான ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் வீக்கத்தை நெருஞ்சில் சத்து குறைக்குமா என்று எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகாத பெண் இதை வெளியே சொல்லக் கூடாதென்று, நான் சர்க்கரைக்கு மருந்து தேடுவதாக அப்பாவிடம்கூடச் சொல்லி வைத்திருந்தாள் அம்மா.

"அந்த வீக்கத்துக்கு நெருஞ்சி கேக்குதாடி?" என்று ஒருநாள் விசாரித்தாள்.

"எலிக்குக் கேக்குதும்மா" என்றேன்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் அப்பாவுக்கு நெருஞ்சிக் கஷாயம் காய்ச்சிக் கொடுத்திருக்கிறாள். சிறுநீர் அடைத்து அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கிட்னியும் கெட்டிருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏம்ப்பா எங்கிட்டச் சொல்லல?" என்று கத்தினேன்.

"பொம்பளப் பிள்ளகிட்ட இத எப்புடி ஆத்தா சொல்றது?" என்றார்.

வார்டு வாசலில், பார்க்க வந்த மேலூர்ச் சொந்தக்காரர்களிடம் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்: "சக்கர கூடிப்போச்சு. வேற ஒண்ணுமில்ல."