கூரையில் பூட்டிய தகடு

என்னை நம்பி இரண்டு கொட்டேஷன்களைக் கொண்டுவந்து கொடுத்த ஒரு பெண்ணிடம் நான் பொய் சொன்னேன். எனக்கு ஓசியில் ஒரு விளக்கு கிடைக்கும் என்பதற்காகச் சொன்னேன். அந்தப் பொய் நிற்பதற்காக நேர்மையான ஒரு கடைக்காரரைப் பேராசைக்காரர் ஆக்கினேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் எனக்குச் சாதகமாக ஏதாவது சேர்த்துவிடுவேன்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. இலங்கை மலையகத்தில், அப்புத்தளை மலைச்சரிவுக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்தேன். தொழிற்சாலைக்குக் கரண்ட் இருந்தது. தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவுக்கும் ஆபீசுக்கும் இருந்தது. தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்கு இல்லை. நீண்ட ஒரே தகரக் கூரையின் கீழ் ஒட்டி ஒட்டிக் காம்பராக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம், இருட்டினால் மண்ணெண்ணெய்க் குப்பி லாம்பு. டிவி வைத்திருந்த ஓரிருவர் கார் பெட்டரியைச் சாக்கில் கட்டித் தோளில் சுமந்து டவுனுக்குப் போய் சார்ஜ் ஏற்றி வருவார்கள். அந்தக் காலத்தில்தான் சோலார் தகடு எங்கள் பக்கம் விலைக்கு வந்தது.

நான் பொய் சொன்ன அந்த அக்கா கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். மகன், மருமகள், பேத்தியோடு ஒரே காம்பராவில் இருந்தார். அதற்கு முந்தைய மழைக்காலத்தில் குப்பி லாம்பு பாயில் சாய்ந்து, பேத்தியின் கழுத்திலும் கையிலும் நெருப்புப் பிடித்துவிட்டது. பிள்ளை பதுளை ஆஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்து பிழைத்து வந்தாள். அன்றிலிருந்து பொழுது சாய்ந்தால் அந்தக் காம்பராவில் நெருப்பு கிடையாது. வெளிச்சம் இருக்கும்போதே சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, அடுப்பில் தண்ணீர் தெளித்து, நாலு பேரும் இருட்டில் உட்கார்ந்திருப்பார்கள். ஓய்வு பெற்றவர்களுக்குத் தரும் சேமலாப நிதிக் காசு கைக்கு வந்ததும் மகன் மாடு வாங்கலாம் என்றான். அக்கா மறுத்துவிட்டார். நெருப்பில்லாத வெளிச்சம்தான் வேண்டும் என்றார். மகன் மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

இரண்டு இடத்தில் விலை கேட்டிருந்தார். ஒன்று, பதுளையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து போகும் ஓர் ஏஜண்ட். மற்றது, பண்டாரவளையில் ரேடியோக் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் பெரியவர். எல்லோரும் அவரை நானா என்போம். இரண்டு தாளும் ஆங்கிலத்தில் இருந்ததால் அக்கா என்னிடம் கொண்டுவந்தார். பள்ளி மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தகட்டின் அளவு ஒன்றே. பெட்டரி ஒன்றே. இரண்டு பல்ப், இரண்டு சுவிட்ச், அதுவும் ஒன்றே. ஏஜண்ட் தகட்டைக் கூரையிலேயே பூட்டித் தருவதாகவும், பூட்டுகூலி இல்லை என்றும் எழுதியிருந்தான். நானா ஓர் இரும்புக் கம்பம், அதைக் காய்கறித் தோட்டத்தில் நட சீமெந்து, அங்கிருந்து காம்பராவுக்கு மண்ணுக்கடியில் குழாய், அதற்குள் வயர், ஆட்கூலி என்று வரிசையாகப் போட்டிருந்தார். அவருடைய கணக்கு, அக்கா கடைசியாக வாங்கிய சம்பளத்தில் மூன்று மாதம் அளவுக்குக் கூடுதல்.

எனக்கும் அது விளங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளைக்குப் போனபோது கடையில் கேட்டேன். நானா கையிலிருந்த ரேடியோவை மூடாமலே என்னைப் பார்த்தார்.

"அந்தக் கூர ஆர்ட கூர மாஸ்டர்?"

"தோட்டத்துக் கூரை."

"தோட்டத்துக் கூரைல பூட்டினா அது தோட்டத்து சாமான். ஒங்களுக்குத் தெரியாதா? நாளைக்கி ஒரு தொர வந்து என்னாங்கடா இதுன்னு கேட்டா, அந்தப் பொம்பள என்னா சொல்லுவா?"

எனக்குத் தெரியும். தோட்டத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். லயத்துக் காய்கறித் துண்டில் நட்ட மரமோ வேலிக் கம்பமோ நட்டவனுக்குச் சொந்தம். இடம் மாறிப் போகும்போது பிடுங்கிக்கொண்டு போகலாம். லயத்துச் சுவரிலும் கூரையிலும் எதை அடித்தாலும் அது தோட்டத்தோடு சேர்ந்துவிடும். சொந்தக் காசில் இஸ்தோப்புத் திண்ணைக்குத் தகரம் போட்டவர்கள் வேறு தோட்டத்துக்குப் போகும்போது அதைக் கழற்ற முடியாமல் விட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்தத் தகடு புதுச் சாமான். பளபளவென்று கண்ணாடி போல் இருந்த அதை அந்தப் பழைய வழக்கத்தோடு யாரும் சேர்த்து நினைக்கவில்லை. நானா நினைத்திருந்தார்.

அந்த வாரமே ஏஜண்ட் பள்ளிக்கூடத்துக்கு வந்தான். லயத்தில் முதல் ஆள் வாங்கிவிட்டால் மற்றவர்களும் வாங்குவார்கள், மாஸ்டர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாஸ்டர் குவார்ட்டர்சில் ஒரு சின்னத் தகடும் ஒரு பல்பும் நானே பூட்டித் தருகிறேன் என்றான். யோசிக்கிறேன் என்றேன். நான் யோசிக்கவில்லை. அவன் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளம்பும்போதே முடிவு செய்துவிட்டேன்.

அக்காவிடம், இரண்டும் ஒரே சாமான், ஏஜண்டிடமே வாங்குங்கள் என்றேன்.

"நானா எதுக்கு மாஸ்டர் கம்பம் போடச் சொல்றாரு?"

"காசு புடுங்கத்தான். கூரை இருக்கும்போது கம்பம் எதுக்கு?"

அக்கா சிரித்தார். "அந்தாளு தொழுவுற ஆளாச்சே. அவரா அப்புடி?"

"யாவாரம் வேற, தொழுகை வேற அக்கா" என்றேன். அந்த வார்த்தை லயம் முழுக்கப் போய்விட்டது. நானா காசு பிடுங்குகிறவர் என்று அவர் கடை வாசலையே மிதிக்காதவர்களும் சொல்லத் தொடங்கினார்கள்.

தகடு வந்தது. முதல் சாயங்காலம் பல்ப் எரிந்தபோது அடுத்த காம்பராக்காரர்கள் எல்லாம் வந்து பார்த்தார்கள். பேத்தி சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்தாள். மகன்கூடத் தாயோடு பேசினான். என் குவார்ட்டர்சிலும் ஒரு பல்ப் எரிந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. மாஸ்டர் வசதியானவர், அவரும் வாங்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

சில மாதங்களில் துரை மாறினார். புதியவர் மேல் ரோட்டில் ஜீப்பில் போகும்போது லயத்துக் கூரையில் ஏதோ மின்னுவதைக் கண்டிருக்கிறார். அனுமதி இல்லாமல் கூரையில் துளை போட்டது யார் என்று ஆபீசிலிருந்து ஆள் வந்தது. தகட்டைக் கழற்றி ஸ்டோரில் வைத்துவிட்டார்கள். அக்கா போய்க் கேட்டதற்கு, கூரையில் இருந்தது தோட்டத்து உடைமை என்றார் பெரிய கிளாக்கர். மாஸ்டர் பார்த்துத்தான் சொன்னார் என்று அக்கா சொல்லியிருக்கிறார். என்னைக் கூப்பிட்டார்கள்.

அந்த மேசைக்கு முன்னால் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கொட்டேஷனை வாசித்துக் காட்டினேனே தவிர எங்கே பூட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது என்றேன். அக்கா கதவோரத்தில் நின்றுகொண்டிருந்தார். என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு கிளாக்கரிடம், "ஆமாங்கய்யா, அவருக்குத் தெரியாது. நாங்கதான் பூட்டச் சொன்னோம்" என்றார். என்னைக் காப்பாற்றினார் என்றுதான் அப்போது நினைத்தேன். அக்கா ஏஜண்டைத் தேடிப் பதுளைக்குப் போனபோது, பூட்டித் தந்ததோடு என் வேலை முடிந்தது என்றான்.

என் குவார்ட்டர்ஸ் கல்வித் திணைக்களத்துக் கட்டடம். தோட்டம் அதன் கூரையைத் தொட முடியாது. ஆகவே என் விளக்கு மட்டும் எரிந்தது. கீழ் லயத்திலிருந்து பார்த்தால் எங்கள் பக்கத்தில் அது ஒன்றுதான் தெரியும். அணைத்து வைக்கலாம் என்று பார்த்தேன். ஏன் அணைத்திருக்கிறார் என்று கேட்பார்களே என்று பயந்து எரிய விட்டேன். எரிய விட்டால் அதன் கீழே உட்கார முடியவில்லை. பின்கட்டில் இருட்டில் போய் உட்கார்ந்துகொள்வேன். அதுவும் போதாதென்று அக்கா பேத்தியை அனுப்பத் தொடங்கினார். மாஸ்டர் வீட்டு வெளிச்சத்தில் படித்துவிட்டு வா என்று. பிள்ளை என் முன்கட்டில் பாய் விரித்துக் கணக்குப் போடுவாள். கழுத்துத் தழும்பு இழுப்பதால் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துத்தான் எழுதுவாள். தலை வலிக்கிறது, நாளைக்கு வா என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். மறுநாள் அக்கா எனக்கு மல்லிக் கசாயம் கொடுத்தனுப்பினார்.

மாற்றலுக்கு எழுதினேன். கிடைக்கவில்லை.

அடுத்த மழைக்காலம் வருமுன் என் தகட்டைக் கழற்றிச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு பண்டாரவளைக்குப் போனேன். நானாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காசு பிடுங்குகிறவர் என்று பரவியது என்னால்தான் என்பதையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது சின்னது, ஒரு பல்ப்தான் எரியும் என்றார். பெரிய தகடு ஒன்றுக்கும், அவர் முதலில் எழுதிய கம்பம், சீமெந்து, குழாய், வயர் எல்லாவற்றுக்கும் கடன் எடுத்துக் காசு கட்டினேன். என் சின்னத் தகட்டை அவர் மொத்தத்தில் கழித்துக்கொண்டார்.

காய்கறித் துண்டில் குழி வெட்டிக் கம்பத்தை நிறுத்திய அன்று, ஆட்கள் தண்ணீர் எடுக்கப் போன இடைவெளியில் அக்காவிடம் சொன்னேன். கம்பம் ஏன் என்று எனக்கு முதலே தெரியும் என்றேன். என் விளக்கு ஓசியில் வந்தது என்றேன். ஆபீசில் சொன்னதும் பொய் என்றேன். கோயில் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன் என்றும் சொன்னேன்.

அக்கா ஈரச் சீமெந்தைப் பார்த்தபடியே நின்றார்.

"ஆபீசுல நீங்க பொய் சொன்னப்பவே எனக்கு வெளங்கிருச்சுங்க மாஸ்டர்."

"அப்ப ஏன் அக்கா..."

"வேற யாரு இருக்கா எங்களுக்கு வாசிச்சுக் காட்ட? ஒங்களையும் பகைச்சுக்கிட்டு புள்ளைய எங்க அனுப்புறது?"

நான் கூட்டத்தைப் பற்றி மறுபடியும் சொன்னேன்.

"வேணாங்க. நீங்க சொல்லி ஒங்க மனச எறக்கி வச்சுருவீங்க. மாடு வாங்கச் சொன்னப்ப கேக்காம ஏமாந்தா கெழவின்னு எம் மகன் நான் சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவான். லயமே சிரிக்கும். வெளிச்சம் வந்துருச்சு. அதோட விட்ருங்க. நான் இருக்குற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க."

சரி என்றேன்.

வெளிச்சம் நிலைத்தது. தோட்டம் கம்பத்தில் கை வைக்கவில்லை. பேத்தி பிறகு என் முன்கட்டுக்கு வரவில்லை, தன் காம்பராவிலேயே படித்தாள். ஆனால் நான் சொந்தத் தகட்டைக் கழற்றிக் கொடுத்துக் கடனும் பட்டேன் என்ற செய்தி லயம் முழுக்கப் பரவியது. அந்த வருடத் திருவிழாவில் எனக்கு மாலை போட்டார்கள். அக்கா கூட்டத்தில் நின்று மற்றவர்களோடு கை தட்டினார். அவருக்குக் கொடுத்த வாக்கை நான் எப்படிக் காக்கிறேன் என்று பார்ப்பது போல என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மாலையோடு நின்றேன்.

நானாவிடம் போய், அந்த அக்கா நான் வாய் திறக்கக்கூடாது என்கிறார் என்றேன்.

"அப்ப என்ட பேரு?" என்று கேட்டார்.

 ஒருவருக்குப் பட்ட கடனைத் தீர்க்க வேண்டுமென்றால் மற்றவரை ஏமாற்ற வேண்டும் என்ற இடத்தில் நானே போய் நின்றிருந்தேன். என்னால் முடிந்தது, சோலார் வாங்க நினைத்த ஒவ்வொருவரையும் நானே கையோடு அவர் கடைக்குக் கூட்டிப்போனதுதான். சிலர் வந்தார்கள். பலர், அவர் விலை கூட்டுவார் என்று மாஸ்டர்தானே சொன்னார் என்று பதுளைக்கே போனார்கள். அது நான் முன்னால் தெரியாமல் சொன்னது என்பேன். நானாவுக்காகப் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்வது மாஸ்டரின் பெரிய மனசு என்பார்கள்.

வந்தவர்களை நானா மரியாதையாக உட்கார வைப்பார். கொட்டேஷன் எழுதி முடித்ததும், பழக்க தோஷத்தில் என் கை நீளும். அவர் அதை என்னிடம் கொடுப்பதில்லை. வாங்குகிறவரைப் பக்கத்தில் இருத்தி, கம்பம் ஏன், குழாய் ஏன், இன்னது இவ்வளவு என்று வரிவரியாக அவரே தமிழில் சொல்லிவிட்டு, விளங்கியதா என்று கேட்டு, தாளை அந்த ஆளின் கையிலேயே கொடுப்பார். நான் சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்து, அவர் சொல்லி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருப்பேன். நானா காலமாகி வெகுநாள் ஆகிறது. அக்கா போன மாதம் காலமானார். பேரில்லாமல் இதை இப்போதுதான் எழுத முடிகிறது.